சுருள் பூச்சியின் பெயர்கள்

நிலக்கடலை இலையைத் துளைத்து உட்புகுந்து, பின்னர் இலைகளை மடித்துப் பிணைத்து வாழும் சிறு புழுவைத் தமிழக உழவர்கள் 'சுருள் பூச்சி' என்பர். வளர்ந்த அந்துப்பூச்சி சிறகு விரித்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். இதற்கு அறிவியல் இட்ட பெயர்களின் வரலாறு, மொழியியல் பயின்ற எனக்குச் சொற்பொருளியலின் சிக்கலாகவே தோன்றுகிறது.

1904இல் தெவென்டர் ஜாவாவின் பூச்சிக்கு 'மோடிசெல்லா' எனப் பெயரிட்டார். 1906இல் எட்வர்ட் மெய்ரிக் 'நெர்டீரியா' என்ற பெயரை வழங்கினார். மெய்ரிக் இங்கிலாந்தின் மார்ல்பரோவில் பள்ளி ஆசிரியர். இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பின்னாளில் பூசா ஆய்வு நிலையத்தின் பெயின்பிரிக் ஃபிளெச்சரிடமிருந்து, அவருக்கு மாதிரிகள் சென்றன. கைலென்சால் மட்டுமே நோக்கி, இனப்பெருக்க உறுப்புகளை அறுத்துப் பார்க்க மறுத்து, பல்லாயிரம் சிற்றினங்களைச் சுருங்கிய சொற்களில் வருணித்தவர் அவர். அச்சொற்களை மட்டும் கொண்டு ஒரு பூச்சியை இனங்காண்பது அரிது. பெயரின் பொருள் வருணனையில் இல்லை; ஊசியில் குத்தப்பட்ட மூல மாதிரியில் இருக்கிறது. அந்த மாதிரிகளோ பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1955 முதல் 1970 வரை கேட்ஸ் கிளார்க் அவற்றை ஆராய்ந்து எட்டுத் தொகுதிகளாகப் படங்களுடன் வெளியிட்ட பிறகே பிறர் ஒப்பிட வழி பிறந்தது.

இதற்கிடையே இந்திய வேளாண் நூல்களில் இப்பூச்சி 'அனகாம்ப்சிஸ் நெர்டீரியா', 'ஸ்டோமோப்டெரிக்ஸ் நெர்டீரியா', 'ஸ்டோமோப்டெரிக்ஸ் சப்செசிவெல்லா' எனப் பல பெயர்களில் திரிந்து, 'அப்ரோயெரிமா மோடிசெல்லா'வில் நின்றது. இவற்றுள் 'சப்செசிவெல்லா' 19ஆம் நூற்றாண்டில் செல்லர் இட்ட பெயர். ஒரே பெயரைத் தேடுகருவியில் இடும் மாணவர், ஏனைய பெயர்களில் பதிவான பல்லாண்டு வயல் ஆய்வுகளைக் காணாமலே போவார்.

1998இல் உகாண்டாவில் நிலக்கடலையைத் தாக்கிய பூச்சி, ஆசியாவிலிருந்து வந்த மோடிசெல்லா என்றே கருதப்பட்டது. ஆனால் 2012இல் தென்னாப்பிரிக்க மாதிரிகளின் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை ஆய்ந்தவர்கள், அது வாக்கர் 1864இல் பெயரிட்ட ஆஸ்திரேலியச் சோயா அந்தான 'சிம்ப்லெக்ஸெல்லா' என அறிவித்தனர். இயற்கை எதிரிகளை எக்கண்டத்தில் தேடுவது என்பதையே இக்கேள்வி தீர்மானிக்கிறது. ஜாவா, இந்தியா, ஆஸ்திரேலியா மூன்றும் ஓரினமா என்பதற்கு அறுவைச் சான்றும் மரபணுச் சான்றும் சேர்ந்தே விடை தர வேண்டும்.

உழவர் பெயர் மாறவில்லை என்று சிலர் பெருமை கொள்வதுண்டு. 'சுருள்' என்பது இலையின் நிலையைச் சுட்டுகிறது, உயிரியை அன்று. அதனால்தான் அது மாறத் தேவை எழவில்லை. ஆகவே வட்டாரப் பெயரைப் பதிவு செய்வோர் இடம், நாள், உணவுச் செடி ஆகியவற்றோடு பாதுகாத்த ஒரு மாதிரியையும் சேர்த்தே வைக்கட்டும்.