கமிஷனும் கடையறிவும்: சர்க்யூட் சிட்டியின் வீழ்ச்சி குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க மின்பொருள் சில்லறை வணிகத்தில் சர்க்யூட் சிட்டி வீழ்ந்த கதையை ஆராய்வோர் மேலாண்மை நூலாசிரியர் ஜிம் காலின்ஸின் கருத்தைத் தொடாமல் செல்ல இயலாது. 2001இல் வெளியான 'குட் டு கிரேட்' நூலில் அவர் உயர்த்திப் பிடித்த பதினொரு நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. 1982 முதல் பதினைந்து ஆண்டுகளில் இதன் பங்கு ஈட்டம் பொதுச் சந்தையினதைப் போல் 18.5 மடங்கு என்று கணக்கிட்டவரும் அவரே. 2009இல் எழுதிய 'ஹவ் த மைட்டி ஃபால்' நூலில், தலைமை தன் மூலத் தொழிலை அசட்டை செய்ததே சரிவின் வித்து என்றார். பழைய கார் விற்கும் கார்மேக்ஸிலும் டிவெக்ஸ் என்னும் வட்டுத் தொழில்நுட்பத்திலும் நாட்டம் போயிற்று, அதற்குள் போட்டி நிறுவனமான பெஸ்ட் பை முந்திக்கொண்டது என்பது அவர் வாதம்.

1990களுக்கு இவ்விளக்கம் பொருந்தும். ஆனால் டிவெக்ஸ் 1999இல் மூடப்பட்டது. கார்மேக்ஸ் 2002இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதன்பின் தலைமையின் கண் முழுவதும் கடைகளின்மீதே இருந்தது. அந்தக் கண்காணிப்பில் கடைக்குள் என்ன நடந்தது என்பதற்குக் காலின்ஸ் உரிய இடம் தரவில்லை. அசட்டை என்ற ஒரே சொல்லில் இருபது ஆண்டு வரலாற்றை அடக்குவது ஏற்புடையதன்று.

சர்க்யூட் சிட்டி விற்பனையாளருக்குத் தந்துவந்த கமிஷன் 2003இல் போனதும் அவர்களின் பொருளறிவும் போயிற்று என்ற எதிர்த்தரப்பு வாதமும் முழுமையானதன்று. பெஸ்ட் பை 1989இலேயே கமிஷனைக் கைவிட்டு வளர்ந்தது. சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் கார் பழுதுபார்ப்பு நிலையங்களில் கமிஷனும் விற்பனை இலக்கும் தேவையற்ற பழுதுவேலைகளை வாடிக்கையாளர் தலையில் கட்டத் தூண்டின என்று கலிபோர்னியா அரசு 1992இல் குற்றம் சாட்டியது. அளக்கக்கூடிய பணிக்கு மட்டும் கூலி கூடினால் அளக்க முடியாத பணி தேயும் என்று பொருளியலாளர்கள் ஹோம்ஸ்ட்ராம், மில்கிராம் இருவரும் 1991இல் கோட்பாடாகவே வகுத்தனர்.

இவ்விரு விளக்கங்களும் கவனிக்காத சான்று 2007 மார்ச் 28 அன்று நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு. ஏறத்தாழ 3,400 கடை ஊழியர்கள் அன்று நீக்கப்பட்டனர். விற்பனைக் குறைவோ ஒழுங்கீனமோ காரணமாகக் காட்டப்படவில்லை. அவரவர் பணிக்குரிய சந்தை ஊதிய வரம்பைவிட அவர்கள் மிகுதியாகப் பெறுகிறார்கள் என்பதே காரணம். காலியான இடங்களுக்குச் சந்தை வரம்புக்குள் புதியவர்கள் எடுக்கப்படுவர் என்றும் சொல்லப்பட்டது. நீக்கப்பட்டவர் பத்து வாரம் கழித்துக் குறைந்த கூலிக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆளே வேண்டாம் என்றால் இந்த வாசல் எதற்கு? அதே ஆள் பழைய கூலியில் வேண்டாம், புதிய கூலியில் வரலாம் என்பதே இதன் பொருள். பல ஆண்டு கடையில் நின்று பெற்ற அறிவுக்கு நிறுவனக் கணக்கில் மதிப்பு எதுவும் எழுதப்படவில்லை.

இந்த அறிவிப்பை 2003 பிப்ரவரி நடவடிக்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அப்போது கமிஷன் நீக்கப்பட்டு எல்லாக் கடைகளும் மணிக்கூலிக்கு மாறின. மிகுதியாக ஈட்டிவந்த கமிஷன் விற்பனையாளர் 3,900 பேர் வெளியேற்றப்பட்டனர். 2003இல் காரணம் ஊதிய முறை. 2007இல் ஊதிய அளவு. வெட்டு விழுந்ததோ இருமுறையும் ஒரே இடத்தில்: கூலி உயர்ந்தவர்மேல். எனவே இவற்றை ஒரே கொள்கையின் இரு தவணைகளாகக் கொள்வதே பொருத்தம்.

அந்த 3,900 பேரும் பொருள் தெரிந்தவர்கள்தானா, வாய்ச்சாலகர்களா என்ற கேள்வி எழும். வருமானப் புள்ளிவிவரம் இதைப் பிரித்துக் காட்டாது. நீட்டித்த வாரண்டியை வற்புறுத்தி விற்றவரும் அதில் மேலேதான் இருப்பார். ஆயினும் திரும்பி வந்த பொருளுக்குக் கமிஷனைப் பிடித்துக்கொள்வது அத்தொழிலின் பரவலான வழக்கம். பொருந்தாத டிவியைத் தள்ளிவிட்டால் அடுத்த மாதக் கூலியில் அடி விழும். இத்தகைய முறையில் பல ஆண்டு தாக்குப்பிடித்தவருக்குப் பொருளறிவு ஓரளவேனும் இருந்தே தீரும். இது நேர்ச் சான்று அன்று, உய்த்துணர்வே; எனினும் மறுப்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டும்.

கடையறிவு எந்த ஆண்டில் தேயத் தொடங்கியது என்று திட்டமாகக் குறிப்பதும் கடினம். 2000இல் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்பனையைக் கைவிட்டபோதே அந்தப் பிரிவின் அனுபவம் பயனற்றுப் போயிற்று. ஆகவே 2003ஐத் தொடக்கமாகவன்றி, தெளிவாகத் தெரியும் முதல் கட்டமாகவே கொள்ள வேண்டும். 2008 நவம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடியதற்குக் கடன் நெருக்கடியும் சரக்குத் தருவோரின் கெடுபிடியும் உடனடிக் காரணங்கள். கூலிக் கொள்கையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

கமிஷனை ஒழித்தது பிழையன்று. பெஸ்ட் பையும் அதைத்தான் செய்தது. கமிஷனை நம்பி நிலைத்து நின்றவர்களை முதலிலும், மணிக்கூலியில் மெல்ல ஏறி வந்தவர்களை அடுத்தும் செலவாக மட்டுமே பார்த்து நீக்கியதே பிழை. 2009 மார்ச்சில் எஞ்சியிருந்த 567 கடைகளும் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்கள் சுமார் 34,000 பேர். சந்தை வரம்புக்குள் எடுக்கப்பட்டவர்களும் அவர்களுள் அடக்கம்.