பொருளில் பிறக்கும் துணிவு: புனேயின் ஆங்கிலப் பேச்சு மரபு

ஒலிப்பும் இலக்கணமும் கைவந்த பிறகே இரண்டாம் மொழியில் துணிந்து பேச முடியும் என்னும் நம்பிக்கையின் மீதே, சதாசிவ பேட்டை முதல் ஹிஞ்சவடி வரை புனேயில் நடைபெறும் ஆங்கிலப் பேச்சு வகுப்புகள் பலவும் எழுந்திருக்கின்றன. அதே நகரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொதுவாழ்வை ஆராய்ந்தால், சொல்லியே ஆகவேண்டிய பொருள் முதலில் வந்ததும், அதைச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்னும் உணர்வு அடுத்து வந்ததும், மொழித் திறம் இவ்விரண்டையும் தொடர்ந்து வந்ததும் தெரியவருகின்றன. இந்த வரிசையை மொழிக்கல்வி கருத்தில் கொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிற மொழியில் பேசும்போது எழும் நடுக்கத்தை மொழிக்கல்வி ஆய்வாளர்கள் ‘மொழிப் பதற்றம்’ எனக் குறிப்பர். எலைன் ஹார்விட்ஸும் அவருடன் ஆய்வு செய்தோரும் 1986இல் இதனைப் பேசத் தயங்கும் அச்சம், தேர்வு அச்சம், பிறர் தாழ்வாக மதிப்பிடுவர் என்னும் அச்சம் ஆகிய மூன்றோடும் தொடர்புபடுத்தி விளக்கினர். இவற்றுள் மூன்றாவதே இந்தியச் சூழலில் மிகக் கொடியது. ஏனெனில் இங்கே ஆங்கிலத்தில் நேரும் ஒரு பிழை, பேசுபவரின் மொழியறிவோடு நில்லாமல் அவருடைய குடிப்பிறப்பையும் பள்ளியையும் சேர்த்தே எடைபோடப்படுகிறது.

இந்த அச்சத்தைக் கடந்தவர்களுள் பண்டித ரமாபாய் முதன்மையானவர். சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தாவில் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களைப் பெற்ற அவர், கணவரை இழந்த நிலையில் 1882இல் புனேக்கு வந்து, அவ்வாண்டே ஆங்கில அரசின் ஹண்டர் கல்விக் குழுவின் முன் மராத்தியில் சாட்சியம் அளித்தார். பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என அவர் முன்வைத்த வாதம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிடப்பட்டது. ஆட்சி மொழியில் பேச இயலாத நிலையிலும் ஆட்சியாளரைக் கேட்கவைத்த அந்தத் துணிவே, 1883இல் இங்கிலாந்துக்குச் சென்றபோதும் அவரோடு சென்றது. 1887இல் ஃபிலடெல்ஃபியாவில் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி ஆங்கிலத்திலேயே நூல் வெளியிட்டு, அமெரிக்க நகரங்களில் மேடையேறிப் பேசி, 1889இல் பம்பாயில் தொடங்கி மறு ஆண்டு புனேக்கு மாறிய ‘சாரதா சதன்’ விடுதிக்கு வேண்டிய ஆதரவை அவர் திரட்டினார். அவர் ஆங்கிலம் கற்றது இளம்பருவத்தில் அன்று. இருபது வயதைக் கடந்த பிறகே.

கோபால கிருஷ்ண கோகலேயின் வழி வேறு. ஃபெர்குசன் கல்லூரியில் பயிற்றுவித்த அவர், சீர்திருத்தவாதி ரானடேயிடம் பொதுப் பணியின் நுணுக்கங்களைப் பயின்றும், ‘சுதாரக்’ இதழின் ஆங்கிலப் பகுதிக்கு எழுதியும், நாவுக்கு முன் பேனாவைப் பழக்கினார். 1897இல் லண்டனில் இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி குழுவின் குறுக்குக் கேள்விகளுக்கும், 1902இல் ஏகாதிபத்தியச் சட்டமன்றத்தில் தம் முதல் வரவுசெலவு உரைக்கும் அவருக்கு அரணாக நின்றவை எண்கள். அவற்றைத் திரட்டுவதில் கணேஷ் வியங்கடேஷ் ஜோஷி என்னும் பள்ளி ஆசிரியர் துணைநின்றார். வரிச்சுமையின் கணக்கு முழுவதும் மனத்தில் இருப்பவருக்கு, கேள்வி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் விடை தேடித் தடுமாறவேண்டியதில்லை.

கோகலே 1905இல் புனேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907இல் சேர்ந்து, 1915இல் அதன் தலைவராகிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரைத் தமிழுலகம் ‘வெள்ளிநாக்கு’ என்னும் புகழ்ச்சொல்லால் நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் புகழ்ச்சொல் ஒருவகையில் அவருக்கு அநீதி இழைக்கிறது எனலாம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துப் பழகிய நீண்ட உழைப்பும், 1927 முதல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக அங்குள்ள இந்தியரின் குறைகளை எடுத்துரைத்த பொறுப்பும், பிறவியிலேயே வாய்த்த நாவன்மை என்னும் தோற்றத்துக்குள் மறைந்துபோகின்றன.

இம்மூவரும் தலைமுறை தலைமுறையாகக் கல்வி கைவரப்பெற்ற குடும்பங்களிலோ சமூகங்களிலோ பிறந்தவர்கள் என்னும் மறுப்பு வலுவானது. அதைத் தள்ளிவிட இயலாது. அந்த வாய்ப்புக் கிட்டாதவர்களுக்காக எழுந்த குரல்களும் இதே நகரில் உண்டு. 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஃபுலே இணையருள் சாவித்திரிபாய், 1854இல் வெளிவந்த ‘காவ்ய ஃபுலே’ தொகுப்பில் ஆங்கிலத்தைத் தாயாகப் போற்றினார். ரமாபாய் சாட்சியம் அளித்த அதே ஹண்டர் குழுவிடம், உழவரின் உழைப்பில் விளைந்த வருவாய் மேல்தட்டினரின் உயர்கல்விக்குச் செலவாகிறது என்று அவருடைய கணவர் ஜோதிராவ் ஃபுலே முறையிட்டார். பேசும் உரிமை தனக்கு உண்டு என்னும் உணர்வே சமமாகப் பங்கிடப்படாத சமூகத்தில், துணிவைத் தனிமனிதக் குணமாக மட்டும் கருதுவது பிழையான நோய்க்கணிப்பாகும்.

மொழிக்கல்வியாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் நடத்திய திட்டம் இங்கே நினைக்கத்தக்கது. இலக்கண விதியை முன்நிறுத்தாமல், வரைபடத்தில் வழி கண்டறிதல், ரயில் கால அட்டவணையைக் கொண்டு பயணம் வகுத்தல் போன்ற பணிகளை மாணவருக்கு அளித்து, பொருளில் மனம் ஊன்றும்போது மொழி வடிவம் உள்ளே படிகிறது என்னும் கொள்கையை அவர் சோதித்தார். இக்கொள்கையைப் புனேயின் வகுப்பறைக்கும் பொருத்திப் பார்க்கலாம். மராத்வாடாவின் வறட்சி மாவட்டத்திலிருந்து வேலை தேடிப் புனேக்கு வரும் இளைஞருக்குக் கிணறு வற்றும் மாதமும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நேரமும், கரும்புக்கும் சோளத்துக்கும் பாயும் நீரின் வேறுபாடும் நன்கு தெரியும். பயிற்சி வகுப்பின் முதல் நாளில் பெயரையும் பொழுதுபோக்கையும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லாமல் இவற்றைப் பற்றி ஆசிரியர் உண்மையாகவே கேட்டால், அந்த அறையில் அதிகம் அறிந்தவர் அந்த இளைஞரே. முதல் சொற்றொடர் இலக்கணம் பிசகி வந்தாலும், அதைக் கேட்க ஆசிரியர் காத்திருப்பார்.