திரை

தோல் சுருக்கத்துக்குத் தமிழில் உள்ள பழஞ்சொல். நரை, திரை, மூப்பு என்று சேர்த்தே சொல்வோம். திரைதல் என்றால் சுருங்குதல், மடிதல். பால் திரைவதும் இதே வினைதான்.

கோவில்பட்டிக் கரிசலில் காலமெல்லாம் பருத்தி எடுத்த அம்மாக்களின் பின்கழுத்தைப் பாருங்கள்: கட்டங்கட்டமாக ஆழ்ந்த கோடுகள். ரவிக்கை மறைத்த தோளில் அவ்வளவு இராது. இரண்டுக்கும் வயது ஒன்றுதான்; கழுத்து வெயில் தின்றது. புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு, தோலைத் தாங்கும் கொலாஜன் இழைகள் சிதைகின்றன. பிரிவதை நிறுத்திய முதிர்ந்த செல்கள் சாகாமல் தங்கி, பக்கத்து இழைகளையும் கெடுக்கின்றன.

டிரெட்டினாயின் களிம்பு மெல்லிய கோடுகளை ஓரளவு குறைக்கும்; கர்ப்பிணிகளுக்கு ஆகாது. முதிர்ந்த செல்களை மட்டும் அழிக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. காட்டுவேலைக்குப் போகிறவர்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் நல்ல காப்பு. துண்டைக் கழுத்துவரை இறக்கிக் கட்டுங்கள்.