புதிய சங்கிலியும் தேய்ந்த பற்களும்

யாழ்ப்பாணத்தின் போர்க்கால வரலாற்றை எழுத முற்படும் எவரும் சைக்கிளை விட்டுவிட்டு எழுதிவிட முடியாது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஏனைய சுமைகளையெல்லாம், விறகு முதல் நோயாளி வரை, சைக்கிளே சுமந்தது.

அந்தச் சைக்கிளின் உயிர்நாடி சங்கிலி. ஆரம்பகாலப் பெருஞ்சக்கரச் சைக்கிள்களில் மிதிகள் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன, சங்கிலி இருக்கவில்லை. சுவிற்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் றெனோல்ட் 1880இல் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885இல் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி வடிவமைத்த 'றோவர்', சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கியது. நாம் அறிந்த சைக்கிளின் மூதாதை அதுவே.

1995 ஒக்டோபரில் எனது சைக்கிளுக்குப் புதிய சங்கிலி போட்டேன். அன்றே அது வழுக்கத் தொடங்கியது. சமதரையில் ஓடும், பாரம் ஏற்றி அழுத்தி மிதித்தால் 'டக்' என்று பல் தாண்டும். தொய்வாக இருக்கலாம் என எண்ணிப் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கினேன். பயனில்லை.

ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். மிதிக்க இடமில்லாததால் சைக்கிளை உருட்டியே சென்றோம். நெரிசல் குறைந்த பின்னர் அம்மாவைக் கரியரில் ஏற்றி மிதித்தேன். சங்கிலி தாண்டியது, கால் நழுவி இருவரும் வீதியில் விழுந்தோம். அம்மாவின் முழங்கை உரசிக் காயமடைந்தது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சாவகச்சேரியில் மரநிழலில் இருந்து சைக்கிள் திருத்திய முதியவர் ஒருவர் பின்சக்கரத்துப் பற்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, செயின் புதுசு, பல்லுப் பழசு. ரண்டும் ஒத்துப்போகாது. பழைய செயின் கிடக்கோ?"

கிடந்தது. தடைக் காலத்தில் எதையும் எறியும் வழக்கம் எவரிடமும் இல்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை மாட்டினார், வழுக்கல் நின்றது.

காரணத்தைப் பின்னர்தான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். சைக்கிள் சங்கிலியின் ஊசிகளுக்கிடையிலான தூரம் அரை அங்குலம். 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். ஊசிகள் தேயத் தேய அது நீளும். 12 1/8 அங்குலத்தை எட்டினால் சங்கிலி முடிந்துவிட்டது. அந்த நீளத்துக்கு ஏற்பப் பற்களும் கொக்கிபோலத் தேய்ந்திருக்கும். அதன்மேல் சரியான அளவுள்ள புதிய சங்கிலியைப் போட்டால், எல்லாப் பற்களும் பகிர வேண்டிய பாரம் ஓரிரு பற்களில் விழுகிறது. சங்கிலி மேலேறித் தாண்டுகிறது. பாரமின்றியும் ஒரே கண்ணி வரும்போது மட்டும் துள்ளினால் இறுகிய கண்ணியே காரணம். மிதியும் சங்கிலியும் முன்னோக்கிச் சுழன்றும் பின்சக்கரம் இயங்காவிட்டால் பிறீவீலின் உட்கொக்கிகள் பழுது. சங்கிலியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பற்சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எங்களுக்கு அன்று மாற்றுவதற்குப் பற்சக்கரம் இல்லை. தேய்ந்த சங்கிலி தேய்ந்த பற்களோடு ஒத்துழைத்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. புதிய சங்கிலியை எண்ணெய் பூசிப் பையில் வைத்துக்கொண்டேன். 1996இல் வீடு திரும்பியபோதும் அது பையிலேயே இருந்தது.