கதீஜா ஷாவும் ஜமெய்க்காவின் மகளிர் கால்பந்தும்



வரலாறு என்றவுடன் முடிமன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளியில் நானும் நெடுங்காலம் அவற்றைத்தாம் கற்பித்து வந்தேன். ஆயினும் விளையாட்டுத் திடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அங்கே ஆட இடம் பெற்றவர் யார், பெறாதவர் யார், ஏன் பெறவில்லை என்று வினவினால் ஒரு நாட்டின் இயல்பே நமக்குப் புலப்படும். அத்தகைய வரலாறு ஒன்றை இன்று கூற விழைகிறேன்.

கரீபியக் கடலில் உள்ள சிறு தீவு ஜமெய்க்கா. முதலில் ஸ்பானியரும், 1655 முதல் ஆங்கிலேயரும் அதனை ஆண்டனர். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் அது விடுதலை பெற்றது. 1534இல் ஸ்பானியர் நிறுவிய ஸ்பானிஷ் டவுன் என்னும் நகரமே 1872 வரையில் அதன் தலைநகராக விளங்கியது. தலைமை கிங்ஸ்டனுக்குப் பெயர்ந்த பின்னர் அதன் சிறப்பு மங்கிற்று. பிற்காலத்தில் வறுமையும் குழுச் சண்டையும் அந்நகரைப் பற்றிக்கொண்டன.

அந்நகரில் 1997ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள் பிறந்தவர் கதீஜா ஷா. பதின்மூன்று மக்களுள் இவரே கடைக்குட்டி. தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. தாய் கோழி வளர்த்துக் குடும்பத்துக்கு உதவியவர். காரட்டுக் கிழங்கை விரும்பித் தின்ற இச்சிறுமியைத் தமையனார் முயல்குட்டி என்னும் பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தார். அப்பெயராலேயே இன்று உலகமும் இவரை அழைக்கிறது. பந்தை உதைக்கக் கற்றுத் தந்தவரும் தமையனாரே.

கதீஜாவுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய 2010ஆம் ஆண்டில், பொருளில்லை என்று கூறி அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் மகளிர் அணியைக் கலைத்துவிட்டது. மூன்றாண்டுகள் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடாமையால் உலகத் தரவரிசையிலிருந்தே ஜமெய்க்காவின் பெயர் நீங்கிற்று.

இச்செய்தியை அறிந்தபோது, அந்நிர்வாகிகளைப் பழிக்க என் நா எழவில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஓராண்டு விளையாட்டு நிதி குறைந்துவிட்டது. இரண்டு பூப்பந்து அணிகளுள் ஒன்றைத்தான் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப இயலும். நான் சற்றும் தயங்காமல் மாணவியர் பட்டியலைப் பேனாவால் அடித்துவிட்டேன். எவரும் என்னைக் காரணம் கேட்கவில்லை. மறுநாள் அப்பெண்கள் பந்தையும் வலையையும் கொணர்ந்து அலுவலறையில் வைத்துவிட்டுச் சென்றனர். அடுத்த ஆண்டு நிதி வந்தது, அணி வரவில்லை.

ஜமெய்க்காவில் அணி மீண்டும் வந்தது. 2014இல் பாடகர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி, தம் மகன் பள்ளியிலிருந்து கொணர்ந்த துண்டறிக்கை ஒன்றால் அவ்வணியின் நிலையை அறிந்தார். உடன்பிறந்தாருடன் பாடல் ஒன்றை வெளியிட்டு நிதி திரட்டினார். இடையில் மீண்டும் தளர்ந்த அணியை, ஹியூ மென்சீஸ் என்னும் பயிற்சியாளர் ஊதியம் பெறாமலே உழைத்துப் பயிற்றினார்.

கதீஜா அக்காலத்தில் அமெரிக்காவில் கல்வி பயின்று, டென்னசி பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த செய்திகளோ நெஞ்சைப் பிளப்பவை. மூன்று தமையன்மார் வன்முறைக்கு இரையாயினர். ஒருவர் சாலை விபத்தில் மாண்டார். அத்துயரத்தைத் தாங்கிக்கொண்டே அவர் படித்தார், ஆடினார்.

2018 அக்டோபர் 17இல் டெக்சாஸ் மாநிலத்தில் பனாமாவுக்கு எதிரான போட்டி. வெல்லும் அணிக்கு உலகக் கோப்பையில் நேரடியாக இடம். கதீஜா முதல் கோலை அடித்தார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமனாயிற்று. தண்ட உதையில் கோல் காப்பாளர் நிக்கோல் மெக்ளூர் இருமுறை பந்தைத் தடுக்க, 4-2 என ஜமெய்க்கா வென்றது. மகளிர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதற் கரீபிய நாடு என்னும் பெயர் அதற்குக் கிட்டியது. 2019இல் பிரான்சில் ஆடிய மூன்று போட்டிகளிலும் அது தோற்றது. பன்னிரண்டு கோல்களை வாங்கி, ஒன்றையே திருப்பித் தந்தது.

பின்னர்க் கதீஜா பிரான்சின் போர்டோ கழகத்தில் சேர்ந்து, 2020-21 பருவத்தில் 22 கோல்களுடன் அந்நாட்டு முதற் பிரிவில் முதலிடம் பெற்றார். 2021இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கழகத்துக்குச் சென்றார். 2023-24 பருவத்தில் 21 கோல்கள் அடித்து அங்கும் முதல்வரானார். ஜமெய்க்காவுக்காக ஆடவரையும் மிஞ்சி மிகுதியான கோல்கள் அடித்தவரும் இவரே.

இவ்வளவு புகழ் வந்த பின்னும் வறுமை அணியை விடவில்லை. ஊதியம் கிட்டாமையால் 2019 செப்டம்பரில் வீராங்கனைகள் ஆட மறுத்தனர். 2023 உலகக் கோப்பைக்கு முன்னர், ஒரு வீராங்கனையின் தாயார் பொதுமக்களிடம் நிதி திரட்ட நேர்ந்தது.

அவ்வுலகக் கோப்பையின் முதற் போட்டியில், வலிமை மிக்க பிரான்சு கோல் அடிக்க முடியாமல் திகைத்தது. ஆனால் இறுதி நேரத்தில் இரண்டாம் மஞ்சள் அட்டை பெற்றுக் கதீஜா வெளியேற்றப்பட்டார். அடுத்த போட்டியில் ஆட அவருக்கு உரிமையில்லை. அவரின்றி ஜமெய்க்கா என் செய்யும் என்று பலரும் ஐயுற்றனர். பனாமாவுடன் நடந்த அப்போட்டியில் அலிசன் சுவாபி தலையால் முட்டி அடித்த ஒரே கோலால், மகளிர் உலகக் கோப்பையில் தன் முதல் வெற்றியை அவ்வணி பெற்றது. பின்னர்ப் பிரேசிலுடனும் சமன் செய்து, முதற்சுற்றில் ஒரு கோலும் வாங்காமல் அடுத்த சுற்றுக்குச் சென்றது. அங்கே கொலம்பியாவிடம் ஒரு கோலில் தோற்றது.

கதீஜா அடித்த கோல்கள் பல. எனினும், அவர் ஆடாத அந்தப் போட்டியையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஒருவர் திறமையால் ஓர் ஆட்டத்தை வெல்லலாம். ஓர் அணி நிலைத்து நின்றால்தான் பலர் திறமை வெளிப்படும். 2010இல் கலைந்த அணி கலைந்தே கிடந்திருப்பின், ஸ்பானிஷ் டவுன் சிறுமியின் திறமையை உலகம் எங்கே கண்டிருக்கும்?

நாளை உங்களுள் சிலர் அதிகாரிகள் ஆவீர்கள். உங்கள் முன்னும் ஒரு பட்டியலும் பேனாவும் இருக்கும். நிதி குறைவு என்னும் காரணம் அன்றும் உண்மையாகவே இருக்கும். அப்போது, எவர் பெயரை முதலில் அடிக்கிறோம் என்பதை ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். நான் அன்று நிற்கவில்லை.