வீட்டிலிருந்தே வேலை: முதலில் பணம் தருவது யார்?

வீட்டிலிருந்தபடியே வேலை என்பது காஞ்சிபுரத்துக்குக் கைப்பேசி கொண்டுவந்த புதுமை அன்று. இங்கே பட்டுத்தறி தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேதான் இருந்துவருகிறது. பாவும் ஊடையும் சரிகையும் முதலாளியிடமிருந்து வீட்டுக்கு வரும். நெய்த சேலை முதலாளியிடம் திரும்பிப் போகும். கூலி கணக்கில் ஏறும். இன்று அதே வீடுகளுக்குள் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக வேறொரு வீட்டுவேலை நுழைகிறது: “தினமும் இரண்டு மணி நேரம் போதும், முன் அனுபவம் தேவையில்லை, கைநிறைய வருமானம்.”

இத்தகைய அறிவிப்பை நம்புகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏளனம் செய்வது எளிது. நாம் அதை ஏற்கவில்லை. பட்டம் பெற்ற தலித் இளைஞருக்கு நேர்முகத் தேர்வில் ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் தடையாகின்றன. பரிந்துரைக்க ஆளில்லை. வீட்டில் முதியோரையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு வெளியூர் வேலை எட்டாத தொலைவில் இருக்கிறது. முகமும் முகவரியும் கேட்காத வேலை ஒன்று கிடைத்தால் நல்லது என்ற விருப்பம் நியாயமானது. அந்த விருப்பத்தையே மோசடிக்காரர்கள் தூண்டிலாக்குகிறார்கள்.

தறியோடு கட்டிய முன்பணம்

பழைய ஏற்பாட்டில் முதலாளி முன்பணம் தருவார். திருமணம், மருத்துவம், சாவு எனச் செலவு வரும்போதெல்லாம் அது வளரும். கணக்கு முதலாளியிடம் இருக்கும். கடன் தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் இணைக்கும் கோர்வைச் சேலைக்குத் தறியில் துணையாள் தேவை. அந்த இடத்தில் குழந்தைகள் உட்காரவைக்கப்பட்டார்கள். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. அத்தகைய குழந்தைகளில் தலித்துகள் பலர் இருந்ததையும் பதிவுசெய்தது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையோ பூட்டையோ மட்டும் தேடவில்லை. முன்பணத்துக்கு ஈடாக வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, தன் உழைப்பின் பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ ஒருவர் இழந்தாலே அது கொத்தடிமைத்தனம். அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவருடையது. பட்டியலினத்தவரைப் பட்டியலினத்தவர் அல்லாதார் இவ்வாறு வேலை வாங்கினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவும் பொருந்தும்.

திசை மாறிய பணம்

புதிய மோசடியில் பணம் எதிர்த்திசையில் பாய்கிறது. அங்கே முதலாளி முன்பணம் தந்து கட்டினார். இங்கே உழைப்பவரே முன்பணம் கட்டுகிறார். அதன் வடிவங்கள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை என்ற பெயரில் பணம் கேட்பது. கட்டியதும் தொடர்பு அறுந்துவிடும்.

இரண்டாவது, ‘டாஸ்க்’ வேலை. காணொளிக்கு விருப்பக்குறி இடவும் உணவகத்துக்கு மதிப்பீடு எழுதவும் சொல்லி, முதலில் சிறு தொகையை உண்மையாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை ஏற்பட்டதும் ‘முன்கட்டணப் பணி’ தொடங்கும். திரையில் இலாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்க முயன்றால் வரி, அபராதம் என்று மேலும் கேட்பார்கள். இத்தகைய பகுதிநேர வேலை, முதலீட்டு மோசடிகளில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது.

மூன்றாவது, தரவு உள்ளீட்டு ஒப்பந்தம். எட்டமுடியாத துல்லியத்தை நிபந்தனையாக்கி, வேலை முடிந்ததும் ‘தவறு’ கண்டுபிடித்து, கூலிக்குப் பதிலாக வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். அஞ்ச வேண்டியதில்லை. வேலையைச் சரியாக முடிக்காதது குற்றம் அன்று; அதற்காகக் கைது செய்ய முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஏமாற்றிப் பெற்ற ஒப்புதலை ஏமாற்றப்பட்டவர் செல்லாததாக்கலாம். உண்மையான ஒப்பந்தத்திலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது.

நான்காவதுதான் மிகக் கொடியது. “உங்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்” என்பார்கள். வேறொருவரிடம் திருடிய பணம் அந்தக் கணக்கு வழியாகக் கடக்கும். காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்கின் உரிமையாளர் வாசலில். மாணவரின் கல்வி உதவித்தொகை வரும் கணக்கே முடக்கப்படும். ஏமாற்றப்பட்டவரே குற்றம் சாட்டப்பட்டவராவார்.

மூன்று கேள்விகள்

தறிக்கும் திரைக்கும் ஒரே உரைகல் போதும். பணம் எந்தத் திசையில் போகிறது? கணக்கு யார் கையில் இருக்கிறது? விரும்பும்போது விலக முடியுமா? நேர்மையான வேலையில் உழைப்பு முதலில், கூலி அடுத்து. இடையில் கடன் இல்லை, கட்டணமும் இல்லை. வேலைக்கான விவரம் எழுத்தில் இருக்கும், அதன் நகல் உழைப்பவரிடமும் இருக்கும்.

இதோடு சில சோதனைகளும் தேவை. நிறுவனத்தின் பெயரை ஒன்றியப் பெருநிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர் அங்கே இருப்பது மட்டும் போதாது, பிறர் பெயரைத் திருடியும் மோசடி நடக்கிறது. ஆகவே நிறுவனத்தின் சொந்தத் தளத்திலுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். வேலை உறுதியாகும் முன்பே ஆதார் நகலோ, ஓ.டி.பி.யோ, வங்கி அட்டை விவரமோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தேடத் தகுந்த இடங்கள்

ஒன்றிய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும், தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் வேலை தேடுவோர் கட்டணமின்றிப் பதியலாம். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. பட்டியலினத்தவருக்குத் தாட்கோ வழியாகப் பயிற்சியும் தொழில் கடனும் உண்டு. தறியோடு தொடர விரும்புவோருக்குக் காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் நெசவாளர் சேவை மையமும் இருக்கின்றன. அமைப்புசாராத் தொழிலாளர்கள் இ-ஷ்ரம் தளத்திலும் கைத்தறி, கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நலவாரியத்திலும் பதிவுசெய்துகொள்வது நல்லது.

ஏமாற்றப்பட்டால்

உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடைவழியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவிட வேண்டும். உரையாடல்களையும் பரிமாற்ற எண்களையும் அழிக்கக் கூடாது. எல்லை தங்களுடையதன்று எனக் காரணம் காட்டிக் காவல் நிலையம் புகாரை மறுக்க முடியாது; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் எல்லாப் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவானாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உரிமையாக உண்டு. அதற்கான எண் 15100.

எச்சரிக்கையை மட்டும் பரப்பினால் பொறுப்பு முழுவதும் ஏமாற்றப்பட்டவர் தலையில் விழும். வீட்டு உழைப்பாளருக்குப் பிற தொழிலாளருக்கு இணையான உரிமை வேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-இல் உருவானது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வீட்டிலிருந்து உழைப்பவரைத் தொழிலாளர் வகைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லி வரையறுக்கிறது. அந்தப் பெயருக்குரிய கூலியையும் பாதுகாப்பையும் கேட்டுப் பெறுவது அமைப்புகளின் வேலை. குடியிருப்புதோறும் ஒரு மாணவர் குழு, வரும் வேலை அறிவிப்புகளைச் சேர்ந்து சரிபார்க்கத் தொடங்கினால், தனியாளாகத் திரைமுன் அமர்ந்து முடிவெடுக்கும் நிலை மாறும். மோசடிக்காரர் நம்பியிருப்பது நம் தனிமையைத்தான்.