மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

காலராவில் சாகிறவர்கள் கிருமியால் நேரடியா சாவதில்லை, தண்ணீர் வற்றித்தான் சாகிறார்கள். பேதி உச்சத்தில் இருக்கும்போது ஒரு பெரியவர் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும். காலையில் நடமாடினவர் சாயங்காலம் இல்லை.

போனதைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிற யோசனை புதுசில்லை. 1832-லேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்கிற டாக்டர் நோயாளிகளின் ரத்த நாளத்தில் உப்புத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தார். அது வளர்ந்து இன்றைய சலைன் பாட்டிலாக ஆனது. ஆனால் பாட்டில், ஊசி, ஏற்றத் தெரிந்த ஆள், படுக்கை எல்லாம் வேண்டும். காலரா வரும் ஊர்களில் இல்லாதவை சரியாக இவைதான்.

வாய்வழியாகக் கொடுத்தால் என்ன? வெறும் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கொடுத்தால் அப்படியே வெளியே போய்விடும். அதோடு கொஞ்சம் சர்க்கரை சேர்ந்தால் கதை மாறுகிறது. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன, பின்னாலேயே தண்ணீர் போகிறது. காலரா இந்த ஒரு வழியை மட்டும் கெடுப்பதில்லை. 1960-ல் ராபர்ட் கிரேன் இதைச் சொன்னார். அதற்கு முன்பே, 1953-ல், கல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்து குடிக்கக் கொடுத்துப் பிழைக்க வைத்து, லான்செட் இதழில் எழுதியும் விட்டார். யாரும் பெரிசாகக் கண்டுகொள்ளவில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள் முறையாகச் சோதித்து, சலைன் தேவை 80 சதவீதம் குறைகிறது என்று காட்டிய பிறகுதான் பேச்சு எழுந்தது. அப்போதும் பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. சமையலறைச் சரக்கு மருந்தாகுமா?

1971-ல் வங்கதேசப் போர். சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோரம் போங்கான் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். கல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மகலனோபிஸிடம் இருந்த சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. வேறு வழியில்லாமல் அவர் துணிந்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பாலிதீன் பையில் கட்டி அனுப்பினார்கள், முகாமில் டிரம்மில் கரைத்து வைத்தார்கள். கூட இருந்த அம்மாவோ அண்ணனோ குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். செலவு லிட்டருக்கு 11 பைசா. வெறும் உப்புத் தண்ணி என்றால் மதிக்க மாட்டார்கள் என்று ‘வாய்வழி சலைன்’ என்று பெயர் சொன்னார்கள். மருந்துக்கும் மரியாதை வேணும் இல்லையா! எட்டு வாரத்தில் 3,700 பேருக்கு மேல் பார்த்தார்கள், இறந்தவர்கள் 3.6 சதவீதம்.

கண்டுபிடிப்பின் கதை வழக்கமாக இங்கே முடிந்துவிடும். எனக்கு இதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது.

போர் முடிந்த வங்கதேசத்தில் காசும் இல்லை, ரோடும் இல்லை. கோடிக்கணக்கான பொட்டலத்தைத் தயாரித்து ஊர் ஊராகச் சேர்க்க வழியில்லை. அப்போது 1972-ல் ஃபசலே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. பொட்டலம் எதுக்கு, உப்பும் வெல்லமும் வீட்டிலேயே இருக்கிறதே? மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணி, அதாவது ஏறக்குறைய அரை லிட்டர். உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் அளவு பிசகக்கூடாது. சொல்லிக்காட்டினால் போதாது, அந்த அம்மாவே செய்து காட்ட வேண்டும்.

1980-ல் ஆரம்பித்து பத்து வருஷம், கிராமத்துப் பெண்கள் வேலைக்குச் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். 1990-க்குள் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல். சம்பளக் கணக்குதான் சுவாரஸ்யம். சொல்லிக்கொடுத்துச் சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்த அம்மாவிடம் கேள்வி கேட்பார், கரைசலைச் செய்யச் சொல்லிச் சோதனைக்கு அனுப்புவார். எல்லாம் சரியாக இருந்தால் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த வீட்டுக்கு 4 டாகா. கொஞ்சம் தப்பென்றால் 2, இன்னும் மோசமென்றால் 1, ஒன்றும் நினைவில்லை என்றால் பூஜ்யம். அம்மா மறந்தால் வாத்தியாருக்குக் காசு இல்லை! கறாரான ஏற்பாடுதான், ஏழைப் பெண்ணின் கூலியை இன்னொரு ஏழைப் பெண்ணின் ஞாபகத்தில் கட்டிவைப்பது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. ஆனால் வேலை நடந்தது.

அதிலும் ஒரு இடறல். அம்மாக்களுக்குச் செய்முறை நன்றாகவே தெரிந்தது, ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது கொடுத்தவர்கள் மிகக் கொஞ்சம். ஏன் என்று தோண்டினார்கள். முதல் காரணம், சொல்லிக்கொடுக்கப் போன பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை, தங்கள் வீட்டில் பேதி வந்தால் மாத்திரை தேடினார்கள். அவர்களை டாக்கா ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய், அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். இரண்டாவது, ஆம்பளைகள். தங்களிடம் சொல்லாமல் வீட்டுப் பெண்களிடம் என்ன பேச்சு என்று கோபம். அதனால் மசூதி, சந்தை, பள்ளிக்கூடம் என்று அங்கேயும் போய் விளக்கினார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: மொழி. நாம் வயிற்றுப்போக்கு என்று ஒரே வார்த்தையில் முடிப்பதை அந்த அம்மாக்கள் நாலாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பால்குடிக் குழந்தைக்குப் போவது ஒன்று, அஜீரணத்தால் வருவது ஒன்று, சளியும் ரத்தமுமாய் வரும் சீதபேதி ஒன்று. ‘டயரியா’ என்றால் அவர்களுக்குக் காலரா மாதிரி கடும்பேதி மட்டும்தான். ‘டயரியா வந்தால் இதைக் கொடுங்கள்’ என்றால், அந்த நாலாவதுக்கு மட்டும் கொடுத்தார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. பாடம் எழுதினவர்களுக்குத்தான் ஊர்ப்பேச்சு தெரியவில்லை.

இதனாலேயே வங்கதேசம் முன்னேறியது என்று சொல்லமாட்டேன். தடுப்பூசி, பெண்கல்வி, குடும்பக்கட்டுப்பாடு எல்லாம் கூடவே நடந்தன. உப்பு வெல்லத் தண்ணி கிணற்றைச் சுத்தம் செய்வதும் இல்லை. பிழைத்த குழந்தை அதே தண்ணீரைக் குடித்து மறுபடி படுக்கிறது. ஆனாலும் 1990 வாக்கில் ஆயிரத்துக்கு 140-க்கும் மேல் இருந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு இன்று 30 அளவில் நிற்கிறது. பிற்பாடு கடைகளில் மலிவுப் பொட்டலம் வந்ததும் மக்கள் தயங்காமல் வாங்கினார்கள். அது எதுக்கு என்று வீட்டில் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மகலனோபிஸ் 2022 அக்டோபரில் காலமானார், மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அவர் டிரம்மில் கரைத்துக் கொடுத்த நாட்டில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பேதி வந்த குழந்தைகளில் ஓஆர்எஸ் கிடைத்தது சுமார் 61 சதவீதத்துக்கு. கர்நாடகாவிலும் பீகாரிலும் மருத்துவம் பார்ப்பவர்களிடம் ஏன் எழுதித் தருவதில்லை என்று ஆராய்ந்து 2024-ல் ஒரு கட்டுரை வந்தது. பெரிய காரணம் சரக்கு இல்லாததோ லாபமோ இல்லை. வருகிறவர்கள் அதை விரும்பமாட்டார்கள் என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டதுதான்.